நீத்தார் கடனும் நெடுவாழ்வும்: இறவாமையை ஆராய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மனித ஆயுளை எல்லையின்றி நீட்டிக்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ள அறிவியலாளர்களுக்கும், அந்த ஆய்வுக்குப் பொருள் வழங்குவோருக்கும், ‘டிரான்ஸ்ஹியூமனிசம்’ என்ற பெயரில் அதைக் கொள்கையாக எடுத்துரைப்போருக்கும்,

வணக்கம்.

உங்கள் இயக்கத்தின் வரலாற்றை எழுதும்போது நீங்கள் ஒரு ரஷ்யரின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுகிறீர்கள். சாவை வெல்வது அறிவின் கடமை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த நிக்கலாய் ஃபியோதரோவை உங்கள் முன்னோடி என்கிறீர்கள். அந்த உறவை மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஒருவரை முன்னோடி என்று ஏற்றுக்கொண்ட பிறகு அவர் சொன்னதைப் பாதியில் நிறுத்திக்கொள்வது முறையன்று என்பதாலும், நீங்கள் நிறுத்திக்கொண்ட இடத்துக்கு அப்பால்தான் அவருடைய பேச்சே தொடங்குகிறது என்பதாலும் எழுதுகிறேன். நான் அறிவியலாளன் அல்லன். இறையியல் பயின்றவனும் அல்லன். ஒரு பொது நூலகத்தில் நூல்களுக்குப் பட்டியல் அட்டை எழுதும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஃபியோதரோவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வேலையில் கழித்தவர். ஆகையால் அவர் எழுத்தில் உங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒன்று என் கண்ணில் பட்டிருக்கக்கூடும்.

அவருடைய தலையாய நூலே ஒரு திறந்த மடல்தான். உலகில் உடன்பிறப்புணர்வும் உறவும் அற்றுப்போனதற்கான காரணங்களையும் அவற்றை மீட்கும் வழிகளையும் பற்றிக் ‘கல்லாதவர்கள் கற்றவர்களுக்கு’ எழுதும் குறிப்பு என்று அவர் அதற்குத் தலைப்பிட்டார். கற்றவர்களில் சமயத்துறையினரையும் உலகியல் துறையினரையும், நம்புவோரையும் நம்பாதோரையும் ஒன்றாகவே விளித்தார். அந்தத் துணிவில்தான் நானும் உங்களை விளிக்கிறேன்.

1829இல் அவர் பிறந்தார். தந்தை பாவெல் ககாரின் ஓர் இளவரசர். தாயை அவர் மணந்திருக்கவில்லை. ரஷ்யரின் பெயரில் தந்தையின் பெயர் நடுவில் நிற்பது வழக்கம். இந்தப் பிள்ளைக்கோ அந்த இடத்தில் ஞானத்தந்தையின் பெயர் நின்றது. குடும்பப் பெயரும் அவரிடமிருந்தே வந்தது. குழந்தைப் பருவத்திலிருந்து தம் மனத்தில் மூன்று நினைவுகள் தங்கியிருப்பதாக ஃபியோதரோவ் பின்னாளில் எழுதினார். பஞ்ச காலத்தில் உழவர்கள் தின்ற கன்னங்கரிய ரொட்டியைக் கண்டது ஒன்று. போர் என்றால் என்ன என்று கேட்டபோது, அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் சுடுவார்கள் என்று விடை வந்தது இன்னொன்று. உறவல்லாத அயலாரும் உலகில் இருக்கிறார்கள் என்பதோடு, உறவினர்களே உறவல்லர், அயலார்தாம் என்று தெரிந்துகொண்டது மூன்றாவது. பசி, போர், உறவின்மை என்ற இந்த மூன்றும் அவருடைய இறையியலில் கடைசிவரை நீங்கவில்லை. தந்தையின் பெயர் மறுக்கப்பட்ட ஒரு மகன், உலகத்துத் தந்தையர் அனைவருக்கும் பெயரையும் உடலையும் உயிரையும் திருப்பித் தரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் மன்றாடினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

1854 முதல் 1868 வரை சிற்றூர்ப் பள்ளிகளில் வரலாறும் புவியியலும் கற்பித்தார். பின்னர் மாஸ்கோவுக்கு வந்து செர்த்கோவ் நூலகத்தில் சேர்ந்தார். 1874 முதல் கால் நூற்றாண்டுக் காலம் ருமியான்ட்சேவ் அருங்காட்சியகத்தின் படிப்பறையில் பணி செய்தார். இன்று ரஷ்ய அரசு நூலகமாக வளர்ந்து நிற்பது அந்தத் தொகுப்பே. கடைசி ஆண்டுகளில் வெளியுறவு அமைச்சகத்தின் மாஸ்கோ ஆவணக்காப்பகத்தில் இருந்தார். பதவி உயர்வு கேட்டதில்லை. ஊதிய உயர்வு வந்தபோது மறுத்தார். வந்த சம்பளத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தேநீரும் ரொட்டியுமாக உயிர்வாழ்ந்தார். படுக்கை இல்லை, ஒரு பெட்டியின் மேல் உறங்கினார். 1881இல் டால்ஸ்டாய் தம் நாட்குறிப்பில் அவரைப் புனிதர் என்றே குறித்திருக்கிறார். இருவரும் பின்னர் கருத்து வேறுபட்டுப் பிரிந்தார்கள். புத்தக அடுக்குகளைப் பார்த்த டால்ஸ்டாய், இவற்றையெல்லாம் கொளுத்திவிடலாம் என்று ஒருமுறை சொல்லப்போக, ஃபியோதரோவ் அவரிடம் கடுமையாகச் சினந்ததாக அக்காலத்தவர் நினைவுகூர்கிறார்கள். அந்தச் சினம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் அவருடைய இறையியல் முழுவதும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஃபியோதரோவின் பார்வையில் ஒரு நூல் என்பது இறந்துபோன ஒருவர் விட்டுச்சென்ற முகம். அதைப் படிப்பது, எழுதியவரை மீண்டும் எழுப்பும் முயற்சியின் முதற்படி. அதனால்தான் நூலகப் பட்டியலை எழுதியவர்களின் இறந்த நாள் வரிசையில் ஒரு நாட்காட்டிபோல அமைக்கவேண்டும் என்றும், அந்தந்த நாளில் அந்தந்த ஆசிரியரை எடுத்துப் படித்து நினைவுகூரவேண்டும் என்றும் அவர் முன்மொழிந்தார். ஒவ்வொரு நூலோடும் அதன் உள்ளடக்கத்தைச் சுருக்கிச் சொல்லும் அட்டையும் அச்சாகி வரவேண்டும் என்று கேட்டார். நூலக உலகம் அந்த இடத்துக்குப் பல பதின்ம ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. அருங்காட்சியகம் என்பது பொருள்களின் குவியல் அன்று, மனிதர்களின் கூட்டம் என்று எழுதினார். வழக்கொழிந்ததையும் உடைந்ததையும் எவரும் வேண்டாததையும் அது ஏற்றுக்கொள்ளவேண்டும்; ஏனென்றால் அவற்றைப் பயன்படுத்திய ஒருவர் இருந்தார்.

இந்த வேலையைச் செய்து பார்க்காதவர்களுக்கு இது கவிதைபோலத் தோன்றலாம். நான் ஓர் உண்மையைச் சொல்கிறேன். நூற்றாண்டு கடந்த ஒரு சிறுநூலைக் கையில் எடுத்து, ஆசிரியர் பெயருக்கு நேரே பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்து எழுதிவிட்டு, இறந்த ஆண்டு எந்த ஏட்டிலும் அகப்படாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அட்டையைப் பெட்டியில் சேர்க்கும்போது, யாரையோ வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டதுபோல இருக்கும். அந்த உறுத்தலை ஒருவர் ஐம்பது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து சென்றால் எங்கே போய்ச் சேருவார் என்பதற்கு ஃபியோதரோவின் நூலே விடை.

அவர் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். இயற்கை உயிரைத் தருகிறது, பறிக்கிறது. அதற்குத் தான் செய்வது தெரியாது. அறிவுள்ள மனிதனுக்கு அது தெரியும். ஆகவே அதைச் சீர்ப்படுத்தும் பொறுப்பும் அவனுடையது. 1851ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இருபத்திரண்டு வயதில், இந்த எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவரே குறித்திருக்கிறார். மழையையும் நோயையும் வறட்சியையும் ஆளக் கற்றுக்கொண்டு, ஒருவரையொருவர் கொல்லப் பயன்படும் படைகளை இயற்கையோடு போராடும் படைகளாக மாற்றி, இறுதியில் மண்ணாகிப்போன தந்தையர் தாயர் அனைவரையும், கடைசி மனிதர்வரை, தங்கள் அறிவாலும் உழைப்பாலும் மக்கள் எழுப்பவேண்டும். எழுந்தவர்களுக்குப் பூமி போதாது. ஆகவே விண்ணுலகங்களில் குடியேறவேண்டும். இதற்கு அவர் இட்ட பெயர் ‘பொதுப்பணி’.

இது அறிவியற் கற்பனை என்ற அளவில்தான் பலருக்கும் அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் அவர் ஊன்றி நிற்பது கிறித்தவத் திருமறையில். பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம் என்று பவுல் எழுதியதை அவர் ஒரு வேலைத்திட்டமாகவே படித்தார். தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவத்தில் மூவரும் கலந்துபோகாமலும் பிரிந்துபோகாமலும் ஒன்றாய் இருப்பதுபோல மனிதர்கள் வாழவேண்டும் என்றும், சமுதாயத்துக்கு அதைவிடச் சிறந்த திட்டம் வேறில்லை என்றும் சொன்னார். உலக முடிவைப் பற்றிய தீர்க்கதரிசனங்களை யோனா நினிவே நகருக்குச் சொன்ன எச்சரிக்கைபோலக் கொள்ளவேண்டும், மக்கள் மனந்திரும்பி ஒன்றுபட்டால் அந்த அழிவு வரத் தேவையில்லை என்று வாதிட்டார். ஆலயத்துக்குள் நடக்கும் ஈஸ்டர் வழிபாடு வாசலைத் தாண்டி வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் தொடரவேண்டும் என்றார். பழைய ரஷ்யாவில் கொள்ளைநோய்க் காலங்களில் ஊரார் அனைவரும் கூடி ஒரே நாளில் ஒரு தேவாலயத்தைக் கட்டி முடிக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய ஆலயங்களைப் பற்றிய குறிப்புகளை அவர் பழஞ்சுவடிகளில் தேடித் தேடித் திரட்டினார். எல்லாரும் சேர்ந்தால் எது முடியும் என்பதற்கு அவருக்கு அந்த ஆலயங்களே சான்று.

இவற்றில் எதையும் அவர் தம் பெயரில் நூலாக வெளியிடவில்லை. எண்ணங்களை ஒருவர் தம் உடைமையாக்கிக்கொள்வதும் விற்பதும் தவறு என்பது அவர் கொள்கை. தம்மை வரையவும் விடவில்லை. ஓவியர் லியோனிட் பாஸ்டர்நாக் படிப்பறையில் அமர்ந்து அவருக்குத் தெரியாமல் தீட்டிய கோட்டோவியத்தால்தான் இன்று நமக்கு அவர் முகம் தெரிகிறது. அவருடைய மாணவர் பீட்டர்சன் இந்தக் கருத்துகளை எழுதிப் பெயர் குறிப்பிடாமல் தஸ்தயேவ்ஸ்கிக்கு அனுப்பினார். 1878 மார்ச்சில் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய பதிலில், இந்தச் சிந்தனையாளர் யார் என்று கேட்டதோடு, இவற்றைத் தம்முடைய சொந்த எண்ணங்களைப் போலவே படித்ததாகவும் குறிப்பிட்டார். மெய்யியலாளர் விளாதிமிர் சொலவியோவ் அவரைத் தம் ஆசான் என்றே விளித்து மடல் எழுதினார். இத்தனை பெரியவர்கள் அறிந்திருந்தும், படிப்பறைக்கு வந்து போன பொதுமக்களுக்கு அவர் பழைய அங்கி அணிந்த ஒரு கிழவராகவே இருந்தார்.

1903 டிசம்பர் 28ஆம் நாள், ஏழைகளுக்கான மரீன்ஸ்கி மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தார். தஸ்தயேவ்ஸ்கி பிறந்ததும் அதே மருத்துவமனையில்தான். அதன் பிறகு பீட்டர்சனும் கொசெவ்னிக்கோவ் என்ற நண்பரும் அவருடைய தாள்களைத் திரட்டிப் ‘பொதுப்பணியின் மெய்யியல்’ என்ற பெயரில் முதல் தொகுதியை வெர்னி நகரில், அதாவது இன்றைய அல்மாட்டியில், அச்சிட்டார்கள். 480 படிகள் மட்டுமே. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அதில் அச்சிட்டு, நூலகங்களுக்கும் கேட்டவர்களுக்கும் இலவசமாக அனுப்பினார்கள். இரண்டாம் தொகுதி 1913இல் மாஸ்கோவில் வந்தது. மூன்றாவது வெளிவராமலே போயிற்று. அந்த 480 படிகளிலிருந்துதான் எல்லாம் கிளைத்தது. மார்க்சியப் பொருளியலில் தொடங்கிப் பின்னர் குருவான செர்கேய் புல்ககோவ் 1908இலேயே அவரைப் பற்றி எழுதினார். 1912இல் வந்த தம் பொருளியல் மெய்யியல் நூலிலும் அவரோடு உரையாடினார். மெய்யியலாளர் பெர்தியாயேவ் 1915இல் அவருடையதை உயிர்த்தெழுதலின் சமயம் என்று விளக்கினார். இருபதுகளிலும் முப்பதுகளிலும் அந்தச் சிந்தனையைச் சுமந்த கோர்ஸ்கி, செத்னிட்ஸ்கி இருவரும் ஸ்டாலின் கால ஒடுக்குமுறைக்கு உயிரைக் கொடுத்தார்கள். 1982இல் ஆய்வாளர் ஸ்வெத்லானா செம்யோனவாவின் முயற்சியில் சோவியத் ஒன்றியத்திலேயே ஒரு தொகுப்பு வெளிவந்தது. ஊதியமும் பெயரும் வேண்டாத ஒரு படிப்பறைப் பணியாளர் ரஷ்ய இறையியலில் தவிர்க்க முடியாத பெயரானது இப்படித்தான்.

அனைவரும் அவரை ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இறையியலாளர் ஃப்லரோவ்ஸ்கி 1937இல் வெளியிட்ட தம் பெருநூலில், கடவுளின் அருளுக்கு இடமின்றி எல்லாவற்றையும் தொழில்நுட்பத்தின் கையில் ஒப்படைத்துவிட்டார் என்ற கோணத்தில் அவரைக் கடுமையாகவே மதிப்பிட்டார். அந்தக் குறையைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஜார் மன்னரே பொதுப்பணியை முன்னின்று நடத்தவேண்டும் என்ற அவருடைய நம்பிக்கையும் எனக்கு ஏற்புடையதன்று. தந்தையரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் தாயரைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. இவையெல்லாம் இருந்தும் அவரை விட்டுவிட முடியாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே: செத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவரைப்போல எழுத்தெழுத்தாக நம்பியவரை நான் கண்டதில்லை.

தமிழில் ‘நீத்தார் கடன்’ என்று ஒரு சொல் உண்டு. இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கை நாம் கடன் என்றே அழைக்கிறோம். கடன் என்றால் திருப்பித் தரவேண்டியது. வாங்கியது உயிர் என்றால் திருப்பித் தரவேண்டியதும் உயிர்தானே என்று ஃபியோதரோவ் கேட்கிறார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சாவை வெல்லலாம் என்ற முடிவை. விட்டுவிட்டது, யாருக்காக என்பதை. இன்றிருப்பவர்கள், அவர்களிலும் செலவு செய்ய முடிந்தவர்கள், சாகாமல் இருப்பதே உங்கள் திட்டங்களின் நடைமுறைப் பொருளாக இருக்கிறது. 1967 முதல் இறந்தவர்களின் உடல்களை உறைகுளிரில் பாதுகாத்துவருகிறார்கள். அதற்குக் கட்டணம் செலுத்தியவர்களே அங்கே இருக்கிறார்கள். முன்னேற்றம் என்பதே பிள்ளைகள் தந்தையரைவிட, உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களைவிடத் தங்களை உயர்வாகக் கருதும் மனநிலைதான் என்று ஃபியோதரோவ் எழுதினார். பெற்றவர்களை மண்ணில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் மட்டும் சாகாமல் வாழ்வதை அவர் வெற்றியாகக் கருதியிருக்கமாட்டார். அது அவருடைய அறத்துக்கு நேர் எதிரானது. தனக்காகவும் வாழாதே, பிறருக்காகவும் வாழாதே, எல்லாரோடும் சேர்ந்து எல்லாருக்காகவும் வாழ் என்பதுதான் அவருடைய அறம். அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லில் இறந்தவர்கள் அடங்குவார்கள். பெரும்பான்மையோர் அவர்களே.

இறந்தவர்களின் கடிதங்களையும் குரல் பதிவுகளையும் கணினிக்குக் கற்பித்து அவர்களைப்போலவே பேசவைக்கும் முயற்சிகளையும் ஃபியோதரோவின் கனவு நனவானதாகச் சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பேச்சில் ஆறுதல் பெறும் ஒருவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கடிதமும் பதிவும் விட்டுச் செல்ல வாய்த்தவர்கள் எத்தனை பேர்? கன்னங்கரிய ரொட்டியைத் தின்ற அந்த உழவர்கள் எதை எழுதி வைத்தார்கள்? ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி, வரிக் கணக்கில் ஒரு வரி, மருத்துவமனை ஏட்டில் ஒரு வரி. அவ்வளவுதான் அவர்களுடைய தடம். அந்த வரிகளைக் காப்பவர் ஆவணக்காப்பாளர். ஃபியோதரோவ் தம் பணியை இறையியலாக உயர்த்தியதும் அந்த வரிகளின் பொருட்டே.

அந்த வரிகளோ அழிந்துகொண்டிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த தாள் பரவியது. படிகாரமும் பிசினும் சேர்த்துப் பதப்படுத்திய அந்தத் தாளில் அமிலம் ஊறி, பழுத்து, மடித்த இடத்தில் முறிகிறது. அதற்கு முந்தைய கந்தல்துணித் தாள்கள் இன்னும் திடமாக இருக்க, நம் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்துப் பதிவேடுகள்தாம் விரல்பட்டதும் உதிர்கின்றன. அமிலத்தை நீக்கும் முறைகள் உள்ளன. நுண்படச் சுருளும் மின்படியாக்கமும் உள்ளன. இல்லாதவை ஆளும் பணமும். உங்கள் ஆய்வு இன்னும் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கலாம். அந்தத் தாள்கள் காத்திருக்கா.

ஆகவே மூன்று விண்ணப்பங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஃபியோதரோவை மேற்கோள் காட்டும்போது, தந்தையரை எழுப்புவதே அவர் கேட்ட பணி என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். இறவாமைக்கென ஒதுக்கும் பொருளில் ஒரு பங்கை, பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும் மனிதர்களின் ஏடுகளைக் காப்பதற்குத் தாருங்கள். எந்த நாட்டு ஏடுகள் என்பது உங்கள் விருப்பம். உங்கள் ஆய்வின் பயன் என்றாவது கைகூடுமானால், அந்த 480 படிகளில் அச்சிட்டிருந்த ‘விற்பனைக்கு அல்ல’ என்ற சொற்களை நினைத்துப்பாருங்கள்.

மாஸ்கோவின் ஸ்கர்பியாஷென்ஸ்கி மடாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஃபியோதரோவை அடக்கம் செய்தார்கள். பள்ளியும் அருங்காட்சியகமும் கல்லறைகளின் அருகே இருக்கவேண்டும், பிள்ளைகள் அங்கேதான் கற்கவேண்டும் என்று சொன்னவர் அவர். சோவியத் ஆட்சியில் அந்தக் கல்லறைத் தோட்டம் சமன்செய்யப்பட்டு விளையாட்டுத் திடலாக்கப்பட்டது. அவருடைய கல்லறையைத் தேடிச் செல்ல இன்று அங்கே ஒரு கல்லும் இல்லை. நூலக அடுக்கில்தான் தேடவேண்டும்.

அவர் கேட்ட நாட்காட்டியின்படி டிசம்பர் 28 அவருடைய நாள். இவ்வாண்டு அந்த நாளில் உங்கள் ஆய்வுக்கூடங்களைச் சில மணிநேரம் மூடிவிட்டு, உங்கள் ஊரிலுள்ள ஆவணக்காப்பகத்துக்குச் சென்று, நெடுங்காலமாக எவரும் பிரிக்காத ஒரு கட்டைப் பிரித்து, அதிலுள்ள பெயர்களுக்கு அட்டை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதும் முறையை அங்கிருப்பவர்கள் சொல்லித் தருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகப் பட்டியலாளர் ஒருவர்